கிரிவலப் பாதையில் எரிந்த பச்சை விளக்கு

கேம் பெட்டி, செல்போன் என்று ரிப்பேர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் என்னைவிட நன்றாகவே வேலை செய்வீர்கள். உங்களிடம் பெரிது பண்ணிக் காட்டும் கண்ணாடி இருக்கிறது, ஊசிமுனை மாதிரி சூடு வைக்கும் கருவி இருக்கிறது, தெரியாததைச் சொல்லித்தர வீடியோ இருக்கிறது. நான் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போனவன்தான், உள்ளே அதிகம் போனதில்லை. அதனால் எந்த ஒயரை எங்கே சேர்ப்பது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடிக்கொள்வது என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதுவும் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது என் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ரேடியோவில் ஆரம்பித்தேன். டிவி வந்தது. டிவியில் சொருகி ஆடும் கேம் பெட்டி வந்தது. அதற்குக் கேசட் போட வேண்டும். ஓடவில்லை என்றால் எல்லாரும் கேசட்டை வாயால் ஊதுவார்கள். யார் கற்றுக்கொடுத்தார்களோ, ஊர் முழுக்க ஒரே மாதிரி ஊதுவார்கள். எச்சில் பட்டுப் பட்டு உள்ளே பித்தளைப் பல்லெல்லாம் பச்சை ஏறியிருக்கும். அப்புறம் சிடித் தட்டுப் போட்டு ஆடுகிற பெட்டி வந்தது. தட்டு சுற்றவில்லை என்றால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள், ஓடும். போளூர் ரோட்டில் ஒருவர் வீட்டில் அப்படிக் கவிழ்த்தே பழக்கி, கடைசியில் நேராக வைத்தால் அது ஓடவே ஓடாது. மனுஷனும் அப்படித்தான் என்று சொல்லவந்தேன். அது இங்கே வேண்டாம்.

எனக்கு வேலை பழக்கியவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. டிவி கேம் வந்த புதிதில் எங்களை ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பெரியவர் ஒருவர் செத்துக் காரியம்கூட முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியில் சேனல் எதுவும் வராத இடத்தில் ஒரு சின்னக் கார் தெரிகிறது. தானாக ஓடுகிறது, திரும்புகிறது, முட்டுகிறது, மறுபடி கிளம்புகிறது. வீட்டில் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு ஓரமாக நிற்கிறார்கள். நான் டிவியின் முதுகைக் கழற்றக் குனிந்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"திருப்புளிய உள்ள வைடா. பக்கத்து வூட்டுக்குப் போயி யார் இருக்காங்கன்னு பாத்துட்டு வா."

பக்கத்து வீட்டில் லீவுக்கு வந்த பிள்ளைகள் தரையில் படுத்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்தில் ஆன்டெனா, ஒரே ஒயர். இவர்கள் ஆடியது அங்கே தெரிந்திருக்கிறது. திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "எது வந்தாலும் கிட்ட இருந்துதான்டா வரும். தூரமா இருக்கிறதுக்கு நம்மகிட்ட வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும்." அதை நான் வேலைக்குச் சொன்ன வார்த்தையாக மட்டும்தான் வைத்திருந்தேன்.

இப்போது சுதாவின் கதைக்கு வருகிறேன்.

நான் கடையை மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. ஒரு பௌர்ணமி அன்று மதியம், பஸ்ஸிலிருந்து இறங்கிய முகம் கழுவாத கோலத்தில் ஒரு பெண் வந்தாள், அவள்தான் சுதா. சென்னையில் கம்பெனி வேலை, வீடு வேங்கிக்காலில். கையில் புத்தகம் மாதிரி மடித்து மூடுகிற கேம் பெட்டி. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. நம் ஊர்க் கடைகளில் அது விற்றதே இல்லை. ஆசிரமப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவந்து, மழையில் நனைத்து, என்னிடம் தருவார்கள். அப்படித்தான் எனக்கு அதன் வயிறு பழக்கம்.

"ஐயா, இது பொய் சொல்லுதா நெஜம் சொல்லுதா, அத மட்டும் சொல்லிடுங்க."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. கெட்டுத்தான் போவும். இன்னா பண்ணுது?"

"எங்க அண்ணன காட்டுது."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் சொன்னது இது. அவள் அம்மா பவுனம்மா, செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல் செய்கிறவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். விடுதியில் குடும்பத்தோடு தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் பிள்ளைகளின் இரண்டு கேம் பெட்டிகளையும் சமையல்காரம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று சுதாவுக்கு, ஒன்று அண்ணன் முரளிக்கு. முரளி டிப்ளமோ முடித்தும் வேலை அமையாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, அதிலேயே முகத்தைப் புதைத்துக் கிடந்தவன். ஒருநாள் வீட்டைவிட்டுப் போனான், வரவில்லை. அவன் பெட்டியும் வீட்டில் இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சுதா நினைத்தாள்.

அன்றிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மாவும் மகளும் மலையைச் சுற்றினார்கள். சுதா தன் பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு நடப்பாள். அது எத்தனை அடி நடந்தோம் என்று கணக்கு வைக்கும்.

அதற்கு இன்னொரு குணம் உண்டு. மூடி வைத்தாலும் அது அணையாது, தூங்கும். தூக்கத்திலேயே, பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பெட்டி வந்தால் கண்டுபிடித்துவிடும். இதன் சொந்தக்காரர் திரையில் தன் சாயலில் செய்துவைத்த பொம்மை அதற்குப் போகும், அதன் பொம்மை இதற்கு வரும். வந்ததும் மடிப்போரத்தில் பச்சை விளக்கு எரியும். திறந்து பார்த்தால் வந்த பொம்மை நின்று வணக்கம் சொல்லும், ஒரு வரி பேசும். வழியில் எதிர்ப்பட்டவர்கள் பார்த்துக்கொள்ளாமலே விசாரித்துக்கொள்கிற மாதிரி.

முரளி போன பிறகு ஒரு கிரிவலம் முடிந்து சுதா பையைத் திறந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அண்ணன் பொம்மை நின்றது. சேர்ந்த புருவம், வலது பக்கம் வகிடு, அவன் செய்துவைத்தபடியே. அடுத்த பௌர்ணமிக்கும் வந்தது. அதற்கடுத்தும்.

"அம்மாகிட்ட சொன்னேன். கூட்டத்துல எங்கயோ அவனும் நடக்கறான், சாமி கொண்டாந்து வுட்டுடுச்சுன்னு அழுதுச்சு. போற வர்ற சாமியாருங்க முகத்தெல்லாம் துணிய வெலக்கிப் பாக்குது. ரெண்டு பேரு அடிக்கவே வந்துட்டாங்க."

"இப்ப இன்னா அவசரம்?"

போனைக் காட்டினாள். கர்நாடக எல்லைப் பக்கம் ஒரு ஊரில் ஆதரவற்றோர் காப்பகம். அங்கே கட்டட வேலைக்குப் போன வேங்கிக்கால் கொத்தனார் ஒருவர், உள்ளே முரளி மாதிரி ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்று தூரத்திலிருந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். முகம் திரும்பியிருந்தது. தாடி. சுதா காப்பகத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் பெயர் சொல்வதில்லை, நாளைக்குள் உரியவர்கள் யாரும் வரவில்லை என்றால் வேறு மாநிலத்தில் இருக்கும் பெரிய இல்லத்துக்கு வேனில் அனுப்பிவிடுவார்கள் என்று பதில் வந்திருக்கிறது.

"அம்மா வரமாட்டேங்குது. இன்னிக்குப் பௌர்ணமி, புள்ள இங்க வருவான், நான் அங்க போயி நின்னா அவன் யாரப் பாப்பான்னு கேக்குது. இது பொய்னா, பொய்னு உங்க வாயால சொல்லுங்க. நெஜம்னா நானும் போகல."

வாங்கிப் பார்த்தேன். கடிகாரம் சரியாக ஓடியது. பழைய பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறதோ என்று பார்த்தேன், இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் புதிதாகச் சந்தித்ததாகத்தான் எழுதியிருந்தது. பழுது என்று ஒன்றும் இல்லை. அந்தப் பொம்மை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. முரளியை நான் நேரில் கண்டதில்லை. கண்டவனைப்போல் அது சிரித்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நமக்கு நாக்கு அரிக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இருக்கிறது. "மெஷின் நல்லாருக்கும்மா, அவன் பெட்டி உன் பக்கத்துல வந்துது உண்மைதான்" என்று சொல்லியிருந்தால் அது சுத்தமான உண்மை. அவள் பையை மாட்டிக்கொண்டு மலைப்பாதைக்குப் போயிருப்பாள். அங்கே வேன் கிளம்பியிருக்கும். கையில் இருக்கிற பதில் சரியாக இருந்தாலும், அதை நம்பி ஒருத்தர் எந்தப் பஸ்ஸை விடப்போகிறார் என்று பார்க்காமல் சொல்லாதீர்கள்.

"வா, உங்கம்மாவப் பாக்கலாம்" என்று ஷட்டரை இறக்கினேன். ஆட்டோவில் ஏறும்போது அதை மூடி அவளிடம் கொடுத்து, பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

செங்கம் ரோட்டில் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. விடுதி இருந்த சந்தில் ஆள் இல்லை. வெயில் சாய்ந்து, மலையின் நிழல் சந்தின் பாதிவரை இறங்கியிருந்தது. ரோட்டில் ஆயிரம் பேர் நடக்கிற சத்தம், உள்ளே வந்தால் யாரோ போர்வைக்குள் பேசுகிற மாதிரி அடங்கிப்போகிறது. ஒரு மாடிக்கொடியில் காவி வேட்டி காய்ந்தது. காற்றே இல்லை, ஆனாலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

விடுதிக் கேட்டைத் திறந்துகொண்டு பவுனம்மா வந்தார். வெறுங்கால், அக்குளில் இடுக்கிய துணிப்பை. என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"யாருடி இவரு?"

"பொட்டி ரிப்பேர் பாக்கறவரும்மா."

நாலு வார்த்தைகூட ஆகியிருக்காது. சுதா கையில் பச்சை விளக்கு எரிந்தது.

சுதா மெதுவாகத் திறந்தாள். சேர்ந்த புருவம், வகிடு. வந்து நின்று தலை சாய்த்தது.

"வந்துட்டான்" என்றார் பவுனம்மா. சந்தின் அந்த முனைக்கு ஓடினார், இந்த முனைக்கு ஓடினார். "டேய் முரளி, வாடா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கடா. வெளிய வாடா கண்ணு." மூடிய கேட்டுகளைப் பார்த்து, சுவரைப் பார்த்து, மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரு நாய் எழுந்து நின்று, நாங்கள் மூவரும் நின்ற இடத்துக்கு நடுவில் பார்த்தது. குரைக்கவில்லை.

இத்தனை வருஷம் ஒயரைத் தொட்டவன் நான். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு நடுவே இன்னொருவன் நிற்கிறான் என்று உடம்பு சொன்னது. சத்தியமாகச் சொன்னது.

அப்போதுதான் எனக்கு வேலை பழக்கியவரின் குரல் வந்தது, சைக்கிள் உருளும் சத்தத்தோடு. கிட்ட இருந்துதான்டா வரும்.

சந்தில் கிட்டே யார்? நான், சுதா, பவுனம்மா. அந்த அம்மாவின் பையைப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்புச் சார்ஜர் ஒயர் ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் கையில் இருந்தது பழைய பட்டன் போன். அதற்கு மெல்லிய முனைதான் போகும். இது அகலமான சப்பை முனை. இந்த மடிக்கிற பெட்டியைத் தவிர வேறெதற்கும் சேராது.

சுதாவிடம், "பாப்பா, ரோட்டு முனைல போயி ஒரு பார்வை பாத்துட்டு வாம்மா" என்றேன். அவள் ஓடினாள்.

"தங்கச்சி, பையில இன்னா வச்சிருக்க?"

"தண்ணி பாட்டிலு, தேங்கா, கல்பூரம்."

"அது கூட?"

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு அந்த இடத்திலேயே, விடுதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூடித்தான வச்சிருக்கேன். மூடுனா அணைஞ்சிடாதா?"

"அணையாதும்மா. தூங்கும்."

"தூங்கிக்கினே பேசுமா?"

"பேசும்."

மெதுவாகச் சொன்னார். மகன் சோறு தண்ணி இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது பொறுக்காமல், ஒருநாள் பிடுங்கிவந்து விடுதிச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அதற்கு மறுநாள்தான் அவன் போனான். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. உடம்புக்கு முடியாதவர் துணியை, படத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்காக மலையைச் சுற்றுகிறவர்கள் உண்டல்லவா, அந்த மாதிரி அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவன் பேருக்குச் சுற்றிவருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அது சார்ஜ் இல்லாமல் செத்துப்போகக் கூடாது என்று எப்போதும் ஒயரில் போட்டு வைத்திருக்கிறார். பௌர்ணமிக்கு எடுப்பார், சுற்றிவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார். பக்கத்தில் நடந்த மகளின் பையில் விளக்கு எரிந்ததற்கும் தன் பைக்கும் அவர் முடிச்சே போடவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்றுதான் நம்பினார்.

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கண்ணா."

"நான் சொன்னா உன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீயே எடுத்துக் குடு."

இது உங்களுக்கு, பிள்ளைகளே. பழுது எங்கே என்று தெரிந்ததும் சத்தமாகச் சொல்ல ஆசை வரும். பெட்டி அவர்களுடையது, மூடியை அவர்களே திறக்கட்டும். நமக்கு ஒரு நிமிஷம் தாமதம். அவர்களுக்கு அது மீதி வாழ்க்கை.

சுதா திரும்பி வந்து, "யாரும் இல்ல" என்றாள். அம்மா பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். அதன் மடிப்போரத்திலும் பச்சை எரிந்தது.

சுதா வாங்கித் திறந்தாள். உள்ளே நின்றது சுதாவின் பொம்மை. பின்னலும் கண்ணாடியுமாக. அண்ணன் கூட்டத்தில் இருக்கிறான் என்று நம்பி, தன் பொம்மை பேசும் வரியை அவள் மாசாமாசம் மாற்றி எழுதியிருக்கிறாள். கடைசியாக எழுதியதை அந்தப் பொம்மை இப்போது அவளுக்கே சொன்னது, இங்கிலீஷ் எழுத்தில்: வீட்டுக்கு வாடா.

பெட்டியை அம்மா பக்கம் திருப்பினாள். "நான் அவனுக்கு எழுதுனதெல்லாம் உன் பைல வந்து உக்காந்திருக்குதும்மா."

"எனக்கு எப்படிடி தெரியும்."

"என்னப் பைத்தியமா நடக்க வச்சிட்டல்ல."

"நானுந்தான்டி நடந்தேன்."

சுதா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பவுனம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இத்தன மாசம் எங்கூட வந்தது யாருண்ணா?"

"அவன் பொட்டிதான்மா. வேற யாரும் இல்ல."

அந்தக் கண்ணில் என்னமோ ஒன்று அணைந்தது. நான் செய்ததுதான். அங்கே காப்பகத்தில் இருப்பவன் வேறு யாரோவாக இருந்தால், இவருக்கு மிச்சமிருந்த ஒன்றையும் நான் பிடுங்கியவன் ஆவேன். தெரிந்தேதான் செய்தேன். தப்பான இடத்தில் காத்திருக்க விடுவது அதைவிடப் பாவம் என்று அப்போது தோன்றியது.

"சுத்திட்டுப் போலாமா? வேண்டுதலு" என்றார், ரோட்டுப் பக்கம் பார்த்து.

"பஸ்ஸு இப்பம்மா" என்றாள் சுதா.

அந்த அம்மா மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு விடுதிக்குள் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பெட்டிகளையும் அணைத்து என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பௌர்ணமிக்கு அவர் சுற்றவில்லை.

காப்பகத்தில் இருந்தது முரளிதான். இளைத்துப்போய், பேச்சு ரொம்பக் கம்மியாகி, ஆனால் அம்மாவைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டிருக்கிறான். பெட்டிகளை வாங்க வந்த அன்று சுதா இதையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொன்னு ஐயா. அங்க பாத்துக்கற அம்மா ஒண்ணு சொன்னாங்க. இவன் அந்தக் கேட்ட வுட்டு வெளிய போனதே கெடையாதாம். ஆனா பௌர்ணமி ஆச்சுனா மறுநாள் காலைல ரெண்டு பாதமும் வீங்கிக் கெடக்குமாம். வெறுங்காலோட ரொம்பத் தூரம் நடந்துட்டு வந்தவன் மாதிரி, அடியெல்லாம் செவந்து. டாக்டரு பாத்துட்டு ஒண்ணும் புரியலன்னுட்டாராம். நாங்க போன அன்னிக்கும் தடவ எண்ணெ காச்சி வச்சிருந்தாங்க. அன்னிக்கு மட்டும் கால் நல்லா இருந்துச்சாம். இதுக்கு இன்னாய்யா அர்த்தம்?"

மேசைமேல் இரண்டு பெட்டியும் மூடிக் கிடந்தன. என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும். உப்பு ஜாஸ்தியானால் வீங்கும். எப்போதெப்போது வீங்கியது என்று யார் நிலாவைப் பார்த்துக் கணக்கு வைத்தார்கள்?

"அவங்க சொன்னத உங்கம்மாவும் கேட்டுச்சா?" என்றேன்.

"பக்கத்துலதான் இருந்துச்சு. அவன் கால எடுத்து மடில வச்சிக்கிச்சு."

"எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிப் பெட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு நானே மலையைச் சுற்றப் போனேன். செங்கம் ரோட்டில் அந்த விடுதி வாசலில் பவுனம்மா குடம் வைத்து, போகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் தாடி மழித்த ஒருவன், எதிரே போட்ட ஸ்டூலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். சேர்ந்த புருவம்.

"இன்னா தங்கச்சி, நடக்கலயா?"

அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மகன் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போதும்ண்ணா. நான் நடந்தா அவன் கால் வலிக்குது."

அன்றைக்குச் சந்தில் நான் வாயைத் திறந்ததற்குக் காரணம், பிடிக்க வேண்டிய பஸ் ஒன்று இருந்ததுதான். இப்போது பிடிப்பதற்கு எதுவும் இல்லை. நான் தண்ணீரைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, அவன் விழித்துக்கொள்ளாமல் மெதுவாக நடந்து தாண்டினேன்.